மஞ்சள் காட்டாத மெஷின்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று கேஸ். இரண்டு ஹெர்னியா, ஒரு பித்தப்பை. நின்று நின்று கால் வீங்கிவிட்டது. வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தியேட்டரில் ஒரு வருஷமாக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே அந்தக் கேமரா, அதற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. குடல் ஆபரேஷனில் கெட்ட பாகத்தை வெட்டி எடுத்த பிறகு, இரண்டு முனைகளையும் சேர்ப்பதற்கு முன்னால் அது படம் பிடிக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் மட்டுமில்லை, தெரியாத நிறங்களிலும் பிடிக்கும். அந்தச் சமயத்தில் பெரிய விளக்கை அணைத்துவிட வேண்டும். அணைப்பது எங்கள் தியேட்டர் ஆயா கோமதியம்மாள், எங்களுக்குக் கோமு. "ஒரு வருசமா லைட்ட அமத்தி அமத்திப் போடுதேன், இது இன்னும் வாயத் தொறக்கல பாத்தியளா சிஸ்டர்" என்பாள். வாயைத் திறக்கத்தான் போகிறதாம். எந்தச் சதையில் ரத்தம் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்று அதுவே பார்த்துச் சொல்லுமாம். ஆனால் அதற்கு முதலில் யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் டாக்டர் ஆவுடையப்பன் கேஸ் முடிந்ததும் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஆயிரத்து நானூறு படம் சேர்ந்திருக்கு. எது நல்ல குடல், எது உயிரில்லாததுன்னு ஒவ்வொண்ணுலயும் கலர் அடிக்கணும். எனக்கு நேரமில்ல. ஜூனியர்ஸை நம்ப முடியாது. இந்த ஆஸ்பத்திரியில குடலைப் பார்க்கத் தெரிஞ்ச கண்ணு ரெண்டு ஜோடிதான். ஒண்ணு என்னுது, இன்னொண்ணு உங்களுது."

பதினாலு வருஷமாக அவர் எதிரே நின்று கத்தியும் கிளாம்ப்பும் எடுத்துக் கொடுக்கிறேன். ஒருநாள் இப்படிச் சொன்னதில்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "பார்க்கலாம் டாக்டர்" என்றேன். வெளியே வந்து, கருவிகளை அவிக்கிற ரூமில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மெஷினுக்கு டீச்சராயிட்டியா? பாவம், எத்தன அடி வாங்கப் போகுதோ" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாளை மீன் வாங்கி ஆய்ந்து, குழம்பு வைத்து, பாத்திரம் தேய்த்துவிட்டு உட்காரும்போது மணி இரண்டு. டாக்டர் ஒரு டேப்லெட் கொடுத்திருக்கிறார். விரலால் தேய்த்தால் நிறம் விழுகிறது. நல்ல குடலுக்குப் பச்சை. உயிரில்லாததற்குச் சிவப்பு. சந்தேகத்துக்கு மஞ்சள். முதல் ஒரு மணி நேரத்தில் பதினொரு படம்தான் முடிந்தது. இந்தக் கணக்கில் போனால் நான் ரிட்டயர் ஆன பிறகுதான் மெஷின் பள்ளிக்கூடம் முடிக்கும்.

மீன் குழம்பில் புளி தூக்கல். வீட்டுக்காரர் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

மார்ச் 20, வியாழன்

படத்தைப் பார்த்ததும் ஆள் ஞாபகம் வருகிறது. 611-ஆம் படம் அம்பாசமுத்திரத்துத் தாத்தா. மயக்க ஊசி போடப் போகும்போது "என் பொடி டப்பிய எங்க வச்சிய?" என்று கேட்டவர். படத்தில் குடல் முனை மங்கிக் கிடக்கிறது. பளபளப்பு இல்லை. செத்தது என்றும் சொல்ல முடியாது. மஞ்சள் அடித்தேன்.

எனக்கும் டாக்டருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதினால் என்ன? குடலின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லையென்றால் வாயால் சொல்ல மாட்டேன். அவர் கேட்காமலே சூடான உப்புநீரில் நனைத்த துணியை அவர் கையில் வைப்பேன். அவ்வளவுதான். அவர் என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார். துணியைக் குடலில் சுற்றிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருப்பார். பிறகு திறந்து பார்ப்பார். நிறம் திரும்பவில்லையென்றால் கையை நீட்டுவார், கிளாம்ப் கொடுப்பேன், இரண்டு விரற்கடை மேலே தள்ளி வெட்டுவார். மயக்க டாக்டரும் ஜூனியர்களும் சுற்றி நிற்கும்போது ஒரு நர்ஸ் சொல்லி டாக்டர் கேட்டார் என்று ஆகிவிடக் கூடாது அல்லவா? அவருக்கு அது மரியாதை. எனக்கு அது பெருமை.

மத்தியானம் டேப்லெட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தவர் 611-இல் நின்றார்.

"இதுக்கு ஏன் மஞ்சள் சிஸ்டர்? இந்தத் தாத்தா ஜம்முனு நடந்து வீட்டுக்குப் போனாரே."

"நடந்தாரு டாக்டர். ஆனா படத்துல இருக்கிற அந்த இடம் எனக்குச் சந்தேகம்தான்."

"சரி, உங்க இஷ்டம்" என்று சிரித்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முடித்துவிட்டேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மொத்தம் 1412 படம். அதில் மஞ்சள் மட்டும் 187. ஆள் கணக்கில் பார்த்தால் இருபத்து மூன்று பேர். கண் எரிகிறது. "டேப்லெட் உங்ககிட்டயே இருக்கட்டும், புதுப் படம் வரும்" என்றார் டாக்டர். அலமாரியில் புடைவைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

மெஷின் இந்த வாரம் வாயைத் திறந்தது!

திங்களன்று முதல் கேஸ். கோமு விளக்கை அணைத்தாள். திரையில் குடல் முழுக்கப் பச்சை. டாக்டர் ஒட்டினார். ஒரு மணி நேரம் முன்னதாகவே கேஸ் முடிந்தது. கோமு என் இடுப்பில் இடித்து, "நீ படிக்க வச்ச பிள்ள பாஸாயிட்டுக்கா" என்றாள். தியேட்டரில் எல்லார் முன்னாலும் சிஸ்டர் என்பாள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டால் அக்காதான்.

ஒரு விஷயம் மட்டும் இடறியது. இந்த வாரம் நான்கு கேஸ் பார்த்தாயிற்று. பச்சை வருகிறது, சிவப்பு வருகிறது. மஞ்சளே வரவில்லை. டாக்டரிடம் கேட்டேன்.

"அது நல்லாக் கத்துக்கிடுச்சு சிஸ்டர். நமக்குத்தான் சந்தேகமெல்லாம். அதுக்குச் சந்தேகம் கிடையாது" என்றார்.

அதுவும் சரிதான். 1412 படம் பார்த்த பிறகும் சந்தேகப்பட்டால் அப்புறம் என்ன படிப்பு!

ஜூன் 28, சனி

மெஷினுக்கு விழா. மேடை, சால்வை, பேப்பர்காரர்கள். டாக்டர் பேசினார். என் பெயர் வரவில்லை. "எங்கள் குழு" என்றார், அதில் நானும்தானே. மேடையில் ஆள் ஆளாகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை.

பட்டுப்புடைவை கட்டியிருக்க வேண்டாம். வியர்த்து ஊற்றியது.

ஜூலை 8, செவ்வாய்

கோமு துணி மாற்றுகிற ரூமில் சுவரில் சாய்ந்து நின்றாள். என்னடி என்றால் ஒன்றுமில்லை என்றாள். அதட்டினேன். மூன்று மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறதாம்.

"மூலம்னு நெனச்சேன்க்கா. நாட்டு மருந்து தின்னேன்."

"குடல் ஆபரேஷன் தியேட்டர்ல இருபது வருஷமா நிக்க, இது தெரியாதாட்டி உனக்கு? அறிவிருக்கா?" என்று கத்தினேன். அவள் அழவும் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

பெருங்குடலில் கட்டி. கேன்சர்தான். இடது பக்கம். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்து ஒட்டினால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர்.

கோமுவின் மகள் இசக்கி வந்திருந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கே மாமா ஒருத்தர் வார்டில் வேலை பார்க்கிறார் என்றாள். கோமுவும் அரை மனதாகத் தலையாட்டினாள். "இங்கன எல்லாரும் தெரிஞ்சவியக்கா. தெரிஞ்சவிய முன்னால துணியில்லாமக் கெடக்கச் சங்கடமா இருக்கு."

நான்தான் விடவில்லை. "தெரிஞ்சவங்கதாம்ட்டி உன்னப் பாத்துக்கிடுவோம். அங்க அந்த மெஷின் இருக்கா? அதுக்குக் கண்ணு குடுத்தவ நான். நானும் பக்கத்துல நிப்பேன், அதுவும் நிக்கும். உனக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்ப நீ சொன்னாச் சரிக்கா" என்று இசக்கியைப் பார்த்தாள். பேச்சு முடிந்தது.

ஜூலை 24, வியாழன்

கோமுவின் ஆபரேஷன். விளக்கை அணைக்க வேறொரு ஆயாவை நிறுத்தினோம். அவளுக்கு எந்த ஸ்விட்ச் என்று தெரியவில்லை. கோமு மட்டும் முழித்திருந்தால் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து படுத்திருப்பாள்.

கட்டி முழுதாக வந்தது. படம் பிடித்தோம். பச்சை. துணி கொடுத்தேன். வேண்டாம் என்றார். ஒட்டினார். துணிக் கணக்கு, ஊசிக் கணக்கு எல்லாம் சரி. மூன்று மணி நேரம்.

வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் ஹோட்டலில் இட்லி வாங்கிவந்தார். எனக்கு இறங்கவில்லை. களைப்பு.

ஜூலை 25, வெள்ளி

கோமு கண் திறந்தாள். பேசினாள். எழுத வேறு ஒன்றுமில்லை.

ஜூலை 26, சனி

காஸ் வந்துவிட்டது. அடுப்பைத் தேய்த்தேன், அலமாரியைத் துடைத்தேன், ஜன்னல் கம்பியைக்கூட விடவில்லை. "என்ன பிள்ள, விருந்தாள் வாராவளா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். சும்மா இருங்க என்றேன். அதற்கு முன்னால் டியூட்டிக்கு நடுவில் மூன்று தடவை வார்டுக்குப் போய் கோமுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். "என்னக்கா, வயித்துல என்ன தேடுத?" என்று சிரித்தாள். வயிறு மெத்தென்றுதான் இருந்தது.

ஜூலை 28, திங்கள்

காய்ச்சல் 102. நாடி 128. வயிறு கல் மாதிரி இருக்கிறது. "வலிக்கிக்கா, வலிக்கிக்கா" என்கிறாள். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கு ஸ்கேன் தேவையில்லை.

ஜூலை 29, செவ்வாய்

திரும்பத் திறந்தோம். ஒட்டிய இடம் செத்துப்போய்ப் பிய்ந்திருந்தது. வயிறு முழுக்கச் சீழ். கழுவிக் கழுவி எடுத்தோம். செத்ததை வெட்டிவிட்டு, மேல்முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை கட்டியிருக்கிறார். மலம் இனி அதில்தான் இறங்கும். எத்தனை மாதத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. பிழைப்பாளா என்றே இன்று தெரியாது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஆனைக்கும் அடி சறுக்கும் சிஸ்டர்" என்றார். சறுக்கியது ஆனை. விழுந்தது கோமு.

இசக்கி ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "பெரியம்மா, அம்மைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியள்ளா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டாள். என்னைத்தான் முதலில் கேட்டாளாம். போனேன். பையைப் பார்த்து, "இத யாருக்கா மாத்துவா? எம் மக மாத்துவாளா?" என்று அழுதாள். "நான் மாத்துதேன்ட்டி, நான் எதுக்கு இருக்கேன்" என்று மாற்றிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் போனதும் அலமாரியிலிருந்து டேப்லெட்டை எடுத்தேன்.

கோமுவின் படத்தைப் போல நான் நிறம் அடித்துக் கொடுத்ததில் ஏதாவது இருக்கிறதா என்று தேடத்தான் திறந்தேன். எங்கே தப்பு விட்டேன் என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. முதலில் 611-ஐப் பார்த்தேன். தாத்தாவின் குடல் முனை பச்சையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பச்சை. கீழே என் பெயர், குறித்தவர்: எமிமாள்.

நான் அதை மஞ்சள்தான் அடித்தேன். ஏப்ரல் ஆறாம் தேதி இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன், மஞ்சள் 187 என்று. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி 1412 படமும் பார்த்தேன். சாப்பிடவில்லை. மஞ்சள் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் அடித்ததெல்லாம் பச்சை. எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். டேப்லெட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் டாக்டர் மாத்துனது?"

"உட்காருங்க சிஸ்டர்."

"யார் மாத்துனதுன்னு கேட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையாக, ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி சொன்னார். "மெஷின் கம்பெனிக்காரங்க மஞ்சள் வேண்டாம்னுட்டாங்க. சந்தேகம்னு சொல்ல ஒரு மெஷின் எதுக்கு? பச்சை, இல்லாட்டி சிவப்பு. சரி, மஞ்சளை எதுல சேர்க்கறதுன்னு நானே உட்கார்ந்து பார்த்தேன். நீங்க மஞ்சள் போட்ட இருபத்து மூணு பேஷண்டும் என்ன ஆனாங்கன்னு ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒருத்தருக்குக்கூட ஒட்டுன இடம் விட்டுப்போகல. எல்லாரும் நல்லா இருக்காங்க. அப்ப அது நல்ல குடல்தானே? பச்சைன்னு மாத்துனேன். இதுல என்ன தப்பு?"

டேப்லெட்டில் 611-ஐத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

"டாக்டர், அவங்களுக்கு ஏன் விடல? அந்த இடத்தைத்தான் நாம வெட்டி எறிஞ்சோம்லா! படம் பிடிச்ச பெறவு நான் துணி குடுத்தேன். நீங்க பாத்துட்டு மேல தள்ளி வெட்டுனீங்க. ஒட்டுனது வேற இடம் டாக்டர். படத்துல இருக்கிற எடம் அன்னைக்கே பக்கெட்டுக்குப் போயிட்டு!"

அவர் முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன். பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அது ஃபைல்ல இல்லையே சிஸ்டர்" என்றார்.

இருக்காது. எப்படி இருக்கும்? இருபத்து மூன்று தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் எழுதவில்லை. நர்ஸ் சொல்லி டாக்டர் கேட்டார் என்று ஆகக் கூடாதே! அந்த மரியாதையையும் பெருமையையும்தான் மெஷின் பாடமாகப் படித்திருக்கிறது.

"இனிமே இந்த மெஷினை வச்சு ஒரு கேஸ்கூடப் பண்ணாதீங்க டாக்டர்."

"பார்த்துக்கறேன். இது நமக்குள்ள இருக்கட்டும் சிஸ்டர். பதினாலு வருஷம் ஒண்ணா நின்னிருக்கோம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். தெரியாமல் நடந்துவிட்டது, மனுஷன்தானே என்று என் மனதுக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று ஒரு குடல் கேஸ். மெஷினை இயக்கினார். பச்சை. ஒட்டினார். குடல் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறைகூட நிமிரவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஆஸ்பத்திரி சூப்பிரண்டு மேடம் கூப்பிட்டு அனுப்பினார். கோமு எங்கள் ஸ்டாஃப் என்பதால் விசாரணை வைத்திருக்கிறார்கள். டாக்டர் கொடுத்த அறிக்கையை என் கையில் தந்து, "படிச்சுட்டு உங்க விளக்கத்தை எழுதிக் குடுங்க" என்றார். இங்கிலீஷில் மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: மெஷின் தவறாகச் சொன்னதற்குக் காரணம், பயிற்சிப் படங்களில் முறையான தகுதியில்லாத ஒரு நர்ஸ் தவறான நிறங்களைக் குறித்ததே. அதன் கீழே என் பெயர். கடைசியில் அவர் கையெழுத்து. அறிக்கையின் தேதி ஜூலை 31.

ஜூலை 31! நான் போய்க் கேட்டதற்கு ஐந்து நாள் முன்னால். "நமக்குள்ள இருக்கட்டும்" என்று சொன்னபோது இது கையெழுத்தாகி மேடம் மேசையில் கிடந்திருக்கிறது. அடப்பாவி மனுஷா! நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாயே! ரெண்டு ஜோடிக் கண் என்றாய். விழா மேடையில் என் பெயர் உனக்கு ஞாபகம் வரவில்லை. பழி சுமத்தும்போது மட்டும் முழுப் பெயர், இனிஷியலோடு, பிழையில்லாமல் எழுதத் தெரிகிறது. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு நீ வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸ் போகிறாய். உன் கைக்கு என்ன வேண்டும் என்று நீ நினைக்கும் முன்னே எடுத்து நீட்டினேனே, பதினாலு வருஷம்!

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் கேலி பேசவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு கோமு குடல நீயும் பாத்திருப்பல்லா? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"மெஷின் பச்சை காட்டுச்சு" என்றேன்.

"மெஷினக் கேக்கல பிள்ள."

காப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். ஜூலை 24 பக்கத்தில் நான் எழுதாமல் விட்டது இது.

கோமுவின் குடல் முனை, காலையில் வாங்கிச் சாயங்காலம்வரை கூடையில் கிடந்த மீனின் செவுள் நிறத்தில் இருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. வெட்டிய ஓரத்தில் ரத்தம் கசிந்த விதமும் சரியில்லை, கறுப்பாக மெதுவாக வந்தது. துணியை நனைத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி என் தட்டிலேயே போட்டு, "வேண்டாம் சிஸ்டர், பச்சைதான். உங்க மெஷின்தானே சொல்லுது" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஜூனியர்கள், மயக்க டாக்டர், எல்லாரும். "உங்க மெஷின்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுதான் உண்மை. நானும் மாஸ்க்குக்குள் சிரித்தேன். குடலை ஒட்டுகிற ஸ்டேப்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விளக்கம் எழுதிக் கொண்டுபோனேன். இரண்டு பத்தி. முதல் பத்தியில் நான் மஞ்சள் அடித்ததையும், டாக்டர் அதைப் பச்சையாக்கியதையும், அது ஏன் தப்பு என்பதையும், ஜூலை 31-ஐயும் எழுதியிருந்தேன். மெஷினை உடனே நிறுத்த வேண்டும் என்றும் எழுதினேன். இரண்டாம் பத்தி ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதியதுதான், மீன் செவுளும் சிரிப்பும் இல்லாமல்.

சூப்பிரண்டு மேடம் இரண்டு தடவை படித்தார். "முதல் பத்தி போதும் சிஸ்டர். மெஷினை இன்னைக்கே நிறுத்தச் சொல்றேன். டாக்டர் பதில் சொல்லியாகணும். ரெண்டாவது பத்தியை எடுத்துருங்க. உங்க தலையில நீங்களே ஏன் மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க? அதை யாரும் உங்ககிட்ட கேட்கல."

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வேறு தாளில் முதல் பத்தியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் வெளியே வந்தேன். கொடுப்பதற்கு முன் கோமுவைப் பார்க்கப் போனேன். எனக்கு நடந்த துரோகத்தைச் சொன்னால் அவள் டாக்டரைத் திட்டுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இசக்கி சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். பையை மாற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், பச்சை, இருபத்து மூன்று பேர், அறிக்கை. கோமு கவனமாகக் கேட்டாள். இருபது வருஷம் தியேட்டரில் நின்றவள், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சண்டாளப் பாவி" என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு, "யக்கா, அன்னைக்கு என் கொடல நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கையில் இருந்த தாளை விரித்து இரண்டாம் பத்தியை வாசித்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நானே மெதுவாக வாசித்தேன். முடித்துவிட்டு நிமிரவில்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு மெஷினப் பாத்தாரு. மெஷினுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கு. அது சரி" என்றாள் கோமு. "தெரிஞ்சவிய இருக்கணும்னுதான் நான் இங்கன படுத்தேன். தெரிஞ்சவிய நீங்கதான."

இருபது வருஷத்தில் மாஸ்க் இல்லாதபோது அவள் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

"கோமு, அந்த நேரத்துல எல்லாரும் சிரிச்சாங்கட்டி, எனக்கு…"

"பைய மாத்த நாளையிலேருந்து வார்டு நர்ஸ அனுப்புங்க சிஸ்டர்."

எழுந்தேன். கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"சிஸ்டர். அந்தத் தாள்ல ரெண்டாவதா வாசிச்சியளே, அதக் குடுப்பியளா, கிழிச்சிருவியளா?"

கையில் இருந்த தாளை மடித்தேன்.

"குடுக்கதா இருந்தா அத மொதல்ல எழுதுங்க. அவரு செஞ்சதப் பொறவு எழுதலாம்."

நர்ஸ் ரூமில் உட்கார்ந்து புதுத் தாள் எடுத்து எழுதினேன். நாலு மணிக்கு மேடம் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்தேன். அதன் தொடக்கத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"ஜூலை 24 அன்று கோமதியம்மாளின் குடல் ஒட்டுவதற்குத் தகுதியாக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டாக்டர் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை."